சங்கத் தலைவராக நிற்கச் சொல்கிறார்கள்: கோவைத் தம்பி ஒருவரின் கேள்விக்கு விரிவான பதில்

கேள்வி சுருக்கமாக இதுதான். கோவை கணபதிப் பக்கம் ஒரு பம்புசெட் கம்பெனியில் சி.என்.சி. ஆபரேட்டராக வேலை பார்க்கும் தம்பி ஒருவர் எழுதியிருக்கிறார். அங்கே புதிதாகத் தொழிற்சங்கம் ஆரம்பிக்கப் போகிறார்கள். கூட இருப்பவர்கள் இவரைத் தலைவராக நிற்கச் சொல்கிறார்கள். "எனக்கு மேடையில பேச வராதுங்க. எந்தக் கட்சியிலும் நான் இல்லை. சங்கத் தலைவர்னா உண்மையில என்ன வேலை? நம்ம பக்கத்துத் தலைவர்கள் எல்லாம் எப்படி அந்த இடத்துக்கு வந்தாங்க? நின்னா வேலை போயிருமா?"

தம்பி, மேடையில் பேச வராது என்பதை ஒரு குறையாக எழுதியிருக்கிறீர்கள். பஞ்சாலை, பவுண்டரி, பனியன் கம்பெனி என்று பல இடத்துச் சங்க வேலைகளைப் பக்கத்தில் இருந்து பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், நன்றாகப் பேசும் தலைவர்களுக்கு நம் ஊரில் பஞ்சம் வந்ததே இல்லை. பேச்சுவார்த்தை முடிந்து வெளியே வந்து, "நாம கேட்டது இவ்வளவு, கிடைச்சது இவ்வளவு, மீதி இப்போ கிடைக்காது, காரணம் இது" என்று கேட்டில் நின்று சொல்லக் கூடியவர்கள்தான் குறைவு. அப்படிச் சொல்லும் நாளில் எதிரே நிற்கும் முந்நூறு பேரும் கோபப்படலாம். ஆனால் அந்த ஆள் விலை போய்விட்டார் என்று ஒருவருக்கும் தோன்றக் கூடாது. தலைவர் பதவி என்பதே அந்த நம்பிக்கைதான். அது எங்கிருந்து வருகிறது என்று சொன்னால் உங்கள் கேள்விகளில் பாதிக்குப் பதில் கிடைத்துவிடும்.

முதலில் இந்த மண்ணின் கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஸ்டேன்ஸ் மில் வந்தது. 1930களில் பைகாரா மின்சாரம் வந்த பிறகு கோவையைச் சுற்றி மில்கள் வரிசையாக எழுந்தன. கிணறு வற்றிய காட்டை விட்டு மில் கேட்டுக்கு வந்த குடியானவர்களும், நிலமே இல்லாத குடும்பங்களும் அதில் வேலைக்குச் சேர்ந்தார்கள். வேலைக்கு எடுப்பதும் நிறுத்துவதும் மேஸ்திரி கையில் இருந்தது. அந்தக் காலத்தில் எழுந்த தலைவர்களில் என்.ஜி. ராமசாமியின் பெயரைக் கோவைப் பழைய மில் குடும்பங்களில் இன்றும் சொல்வார்கள். 1912-ல் பிறந்தவர், 1937-ல் சென்னை மாகாண சட்டமன்றத்துக்குப் போனவர், 1943-ல் மறைந்துவிட்டார். முப்பது வயதை ஒட்டிய சாவு. அவ்வளவு குறுகிய வாழ்க்கைக்குள் மில் தொழிலாளிக்கு என்று ஒரு அமைப்பு வேண்டும் என்பதை ஊருக்குப் புரியவைத்துவிட்டுப் போனார்.

அதே காலத்தின் இன்னொரு பக்கம் சின்னியம்பாளையம். ரங்கவிலாஸ் மில் தொழிலாளிகளான ராமையன், வெங்கடாசலம், சின்னையன், ரங்கண்ணன் நால்வரும் ஒரு கொலை வழக்கில் தண்டிக்கப்பட்டு 1946 ஜனவரி 8 அன்று கோவை மத்திய சிறையில் தூக்கிலிடப்பட்டார்கள். ஆண்டுதோறும் அந்த நாளில் அங்கே செங்கொடி ஏற்றுகிறார்கள். நால்வரில் ஒருவரும் பெரிய தலைவர் கிடையாது, மில்லில் வேலை பார்த்தவர்கள். இந்த ஊரில் சங்கம் என்ற சொல்லுக்கு என்ன விலை கொடுக்கப்பட்டிருக்கிறது என்பது நிற்கப் போகும் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

இனி, தலைவர்கள் எப்படி வருகிறார்கள் என்ற கேள்வி. இரண்டு வழி உண்டு. ஒன்று வெளியிலிருந்து வருவது. பார்வதி கிருஷ்ணன் அதற்குச் சிறந்த உதாரணம். திருச்செங்கோட்டுப் பக்கம் குமாரமங்கலம் ஜமீன் குடும்பம். அப்பா சுப்பராயன் சென்னை மாகாணத்தின் முதலமைச்சராக இருந்தவர். மகள் ஆக்ஸ்போர்டில் படித்துவிட்டு வந்து, கம்யூனிஸ்ட் கட்சி சார்ந்த ஏ.ஐ.டி.யு.சி. என்ற தொழிற்சங்க அமைப்பில் தொழிலாளர் தலைவராகி, 1957-லும் 1974 இடைத்தேர்தலிலும் 1977-லும் கோவையிலிருந்து நாடாளுமன்றத்துக்குப் போனார். ஜமீன் வீட்டுப் பெண்ணை மில் தொழிலாளி ஏன் நம்பினான் என்று யோசித்துப் பாருங்கள். ஆங்கிலத்தில் எழுதப்பட்ட சட்டத்தை வைத்து முதலாளி பக்கத்து வக்கீலுக்குச் சமமாக உட்கார்ந்து வாதாட ஓர் ஆள் தேவைப்பட்டது. அதைவிட முக்கியமாக, மேனேஜ்மென்ட் அவரை வேலையை விட்டு நிறுத்த முடியாது. தொடக்க காலச் சங்கங்களில் வெளியாட்கள் தலைவர்களாக இருந்ததற்கு இதுவே பெரிய காரணம். சென்னையில் 1918 ஏப்ரலில் தொடங்கிய சென்னைத் தொழிலாளர் சங்கத்துக்கும் பி.பி. வாடியா என்ற வெளியாள்தான் தலைவர்.

இரண்டாவது வழி ஷிப்டுக்குள்ளிருந்து வருவது. உங்களுடையது இந்த வழி. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இதை யாரும் எழுதி வைப்பதில்லை.

பெரும்பாலும் ஒரு மெமோவில் தொடங்கும். பக்கத்து மிஷினில் இருப்பவருக்கு "வேலையில் அலட்சியம்" என்று ஒரு மெமோ வரும். அவருக்குப் பதில் எழுதத் தெரியாது. ஷிப்ட் முடிந்ததும் டீக்கடையில் உட்கார்ந்து ஒருவர் எழுதிக் கொடுப்பார். அந்தப் பதிலில் தேவையில்லாத ஒரு வரி இருந்தால், உதாரணத்துக்கு "இனிமேல் இப்படிச் செய்ய மாட்டேன்" என்று எழுதிவிட்டால், செய்ததாக ஒப்புக்கொண்டது போல ஆகிவிடும். அது தெரிந்து எழுதுபவரைத் தேடி அடுத்த மெமோ வாங்கியவரும் வருவார். பிறகு சார்ஜ் ஷீட், சஸ்பென்ஷன், உள்விசாரணை. மேனேஜ்மென்ட் வைத்த விசாரணை அதிகாரி முன்னால் தொழிலாளிக்குத் துணையாக உட்கார்ந்து சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்ய வேண்டும். "சூப்பர்வைசர் நேரில் பார்த்தாரா, சொல்லிக் கேட்டாரா?" என்ற ஒரே கேள்வி ஒரு குடும்பத்தின் சோற்றைக் காப்பாற்றிவிடும். எழுதப்படும் ஒவ்வொரு பக்கத்தையும் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடச் சொல்ல வேண்டும், நகல் கேட்டு வாங்க வேண்டும். சஸ்பென்ஷனில் இருப்பவருக்குத் தமிழ்நாட்டின் 1981 பிழைப்பூதியச் சட்டப்படி முதல் 90 நாளுக்குப் பாதிச் சம்பளமும், அதற்குப் பிறகு 180 நாள் வரை 75 சதவீதமும், அதையும் தாண்டினால் முழுச் சம்பளமும் பிழைப்பூதியமாக உண்டு என்று அவர் மனைவிக்கும் கேட்கும்படி சொல்ல வேண்டும். வீட்டில் தைரியம் இருந்தால்தான் விசாரணையில் அந்த ஆள் நிமிர்ந்து உட்காருவார்.

இப்படி நான்கைந்து பேருக்குத் துணை நின்றவர் எந்தப் பதவியும் இல்லாமலேயே தலைவராகிவிடுகிறார். தேர்தல் பிறகு வருகிற சடங்கு. உங்களை நிற்கச் சொல்கிறார்கள் என்றால், நீங்கள் ஏதோ ஒரு நாள் யாருக்கோ இப்படி நின்றிருக்கிறீர்கள் என்றுதான் எடுத்துக்கொள்கிறேன்.

அடுத்தது சந்தா. மேனேஜ்மென்ட் சம்பளத்தில் பிடித்துக் கொடுக்கும் சந்தாவை விட, மாதாமாதம் நேரில் போய் வாங்கும் சந்தா நூறு மடங்கு உயர்ந்தது என்பது என் கருத்து. இதை ஏற்காத சங்க நண்பர்கள் எனக்கு நிறைய உண்டு, நேரம் வீணாகிறது என்பார்கள். ஆனால் ரசீது புத்தகத்தோடு ஒவ்வொரு மிஷினுக்கும் போகும்போதுதான் "ஏனுங்க, போன மாசம் ஓ.டி. காசு இன்னும் வரலீங்க", "கேன்டீன் சாப்பாடு இப்படி இருந்தா எப்படித் திங்கறதுங்க" என்ற பேச்செல்லாம் காதில் விழும். தராமல் முகத்தைத் திருப்பிக்கொள்பவரின் காரணமும் தெரியும். கோரிக்கை மனுவின் பாதி அங்கே எழுதப்படுகிறது. ஆண்டுக் கணக்கைப் பொதுக்குழுவில் டீச் செலவு உட்பட வாசியுங்கள். சங்கங்கள் உடைந்ததற்குக் கொள்கை வேறுபாடு காரணம் என்று வெளியே சொல்வார்கள், உள்ளே போய்ப் பார்த்தால் பல இடங்களில் கணக்கு வாசிக்காததுதான் இருக்கும்.

வேலைநிறுத்தத்துக்கு வருகிறேன். நம் பகுதியில் இதைப் பற்றிப் பேசுபவர் யாரானாலும் திருப்பூரின் 1984-ஐத் தொடாமல் பேச முடியாது. பஞ்சப்படி, அதாவது விலைவாசி ஏற ஏறச் சம்பளத்தோடு சேரும் படி, கேட்டுப் பனியன் தொழிலாளிகள் 127 நாள் வேலைக்குப் போகவில்லை. மில் தொழிலாளிக்குப் பஞ்சப்படி உண்டு, அதே ஊரில் பனியன் தைப்பவனுக்கு ஏன் இல்லை என்ற கேள்வியின் நியாயம் எல்லோருக்கும் புரிந்தது. அதனால்தான் அத்தனை நாள் நிற்க முடிந்தது.

127 நாள் என்பதைத் தலைவரின் இடத்திலிருந்து யோசியுங்கள். முதல் வாரம் எவரும் தலைவராக இருக்கலாம், கொடி தானாகவே பறக்கும். நீண்ட வேலைநிறுத்தம் எதிலும் ஒரு மாதம் தாண்டினால் வாடகை கேட்டு வீட்டுக்காரர் வருவார், பள்ளிக்கூடத்துக்குப் பணம் கட்ட வேண்டியிருக்கும், மளிகைக் கடையில் பற்று நின்றுவிடும். அப்போது தலைவரின் வேலை கஞ்சித் தொட்டிக்கு அரிசி சேர்ப்பது, சுற்று ஊர்களில் போய் விவசாயிகளிடம் கேட்பது, கடைக்காரர்களிடம் இன்னும் பத்து நாள் பொறுக்கச் சொல்வது. நடுராத்திரியில் "நாளைக்கு நான் வேலைக்குப் போறேங்க, என்னை மன்னிச்சிருங்க" என்று வீட்டு வாசலில் வந்து நிற்பவரிடம் கோபப்படாமல் பேச வேண்டும். அவரைத் துரோகி என்று திட்டி அனுப்பினால் காலையில் பத்துப் பேர் அவரோடு போவார்கள். உட்காரவைத்து, வீட்டு நிலைமையைக் கேட்டு, ஐம்பது ரூபாயாவது புரட்டிக் கொடுத்தால் ஒருவேளை நிற்பார். போய்விட்டாலும் பிறகு திரும்பி வருவார்.

அந்தப் போராட்டத்தால் பனியன் தொழிலாளிக்குப் பஞ்சப்படி என்ற உரிமை பேச்சில் நிலைத்தது. ஆனால் அதன் பின் வந்த ஆண்டுகளில் வேலை துண்டு துண்டாகச் சிறு யூனிட்டுகளுக்கும் கூலிக்குத் தைத்துக் கொடுக்கும் பவர் டேபிள்காரர்களுக்கும் கான்டிராக்டர்களுக்கும் பிரிந்து போயிற்று. உருப்படிக்கு இவ்வளவு என்று கூலி தரும் பீஸ் ரேட் பரவியது. சங்கம் நிற்க ஒரு பெரிய கேட் வேண்டும், அந்த கேட்டே சிறுத்துப்போனது. போராட்டம் தவறு என்று இதற்கு அர்த்தமாகாது. கேட்டது நியாயம், நின்ற விதமும் நேர்மை. ஆனால் வென்ற மறுநாளே எதிர்த்தரப்பு தொழிலின் அமைப்பையே மாற்றிக்கொள்ளும் என்று தலைவர் எதிர்பார்த்திருக்க வேண்டும். உங்கள் கம்பெனியிலும் சங்கம் வந்தவுடன் நிரந்தர ஆளை எடுப்பதை நிறுத்தி, கான்டிராக்டிலும் அப்ரன்டிஸ் கணக்கிலும் ஆள் சேர்க்கத் தொடங்குவார்கள். முதல் கோரிக்கை மனுவிலேயே கான்டிராக்ட் தொழிலாளிக்கும் ஒரு வரி இருக்கட்டும். அவரை விட்டுவிட்டு வாங்கும் சம்பள உயர்வு ஐந்து வருஷத்தில் உங்களையே கடிக்கும்.

திருப்பூரிடம் கற்க வேண்டிய இன்னொன்று சங்கங்கள் சேர்ந்து உட்காரும் பழக்கம். ஒரு பக்கம் ஏற்றுமதியாளர் சங்கமும் பனியன் உற்பத்தியாளர் சங்கமான சைமாவும் மற்ற முதலாளி சங்கங்களும். எதிரே சி.ஐ.டி.யு., ஏ.ஐ.டி.யு.சி., எல்.பி.எஃப்., ஐ.என்.டி.யு.சி., எச்.எம்.எஸ்., பி.எம்.எஸ். என்று எல்லாக் கொடியும் ஒரே மேஜையில். தேர்தல் மேடையில் ஒருவரை ஒருவர் கிழிப்பவர்கள்தான். கட்டிங்குக்கு இவ்வளவு, தையலுக்கு இவ்வளவு, செக்கிங்குக்கு இவ்வளவு என்று பேசி, சில ஆண்டுக்கு ஒரு முறை பொது ஒப்பந்தம் போடுகிறார்கள். 2021-ல் போட்டது நான்கு ஆண்டுக்கு 32 சதவீத உயர்வு. ஒப்பந்தம் எத்தனை யூனிட்டில் நடைமுறைக்கு வருகிறது என்பது வேறு சங்கதி, பீஸ் ரேட்டில் வேலை செய்பவரிடம் கேட்டால் பெருமூச்சு விடுவார். ஆனாலும் காகிதத்தில் ஒரு எண் இருப்பதற்கு அர்த்தம் உண்டு. பேரம் அந்த எண்ணிலிருந்து தொடங்கும். எதிர்ச் சங்கத் தலைவரின் போன் நம்பர் உங்களிடம் இருக்க வேண்டும், அவர் வீட்டு நல்லது கெட்டதுக்குப் போய்வர வேண்டும்.

சோமனூர், பல்லடம் பக்கத்து விசைத்தறிக் கூலிப் போராட்டங்களையும் கவனித்துப் பாருங்கள். அங்கே தறியை நிறுத்துபவர்களே தறி முதலாளிகள். சொந்தத் தறி வைத்துக்கொண்டு, ஜவுளி உற்பத்தியாளரிடம் பாவும் நூலும் வாங்கி கூலிக்கு நெய்து கொடுப்பவர்கள். மாவட்ட நிர்வாகத்தின் முன்னிலையில் கூலி பேசுகிறார்கள், பேசிய கூலி வராமல் மறுபடி தறியை நிறுத்துகிறார்கள். எழுதி வாங்காத வாக்குக்கு உள்ள மதிப்பு அங்கே தெரியும்.

எழுதி வாங்குவது பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். பழைய 1947 தொழில் தகராறு சட்டத்தில் 12(3) ஒப்பந்தம், 18(1) ஒப்பந்தம் என்று இரண்டு உண்டு. முன்னது லேபர் ஆபீசில் சமரச அதிகாரி முன்னால் போடுவது, சங்கத்தில் இல்லாதவர் உட்பட எல்லாத் தொழிலாளியையும் கட்டுப்படுத்தும். பின்னது இரண்டு தரப்பும் தங்களுக்குள் போடுவது, கையெழுத்துப் போட்டவர்களை மட்டும் கட்டுப்படுத்தும். சட்டம் மாறிய பிறகும் லேபர் ஆபீஸ் வராந்தாவில் இந்த எண்களைச் சொல்லித்தான் பேசுகிறார்கள். கையெழுத்துக்கு முன் நகலை வாயிற்கூட்டத்தில் முழுக்க வாசியுங்கள். "நேரமில்லை, இப்பவே போடுங்க" என்று யார் அவசரப்படுத்தினாலும், அது உங்கள் சங்கம் இணைந்திருக்கும் பெடரேஷனின் தலைவராகவே இருந்தாலும், ஒரு இரவு கேளுங்கள்.

நிற்பதால் வேலை போகுமா என்று கேட்டீர்கள். போகலாம். மறைக்க மாட்டேன். ஆபத்து அதிகம் இருப்பது சங்கம் பதிவாகும் வரைக்கும் உள்ள இடைவெளியில். வேறு யூனிட்டுக்கு மாற்றம், திடீர் மெமோ, தலைவராக நிற்பவருக்கு மட்டும் சூப்பர்வைசர் பதவி உயர்வு, இந்த மூன்றும் நான் திரும்பத் திரும்பப் பார்த்தவை. மூன்றாவதுதான் மிகவும் கெட்டது, ஏனென்றால் வீட்டில் சந்தோஷப்படுவார்கள்.

சட்டம் தரும் பாதுகாப்பும் உண்டு. ஒரு காலத்தில் அதுவும் இல்லை. சென்னைப் பின்னி மில் நிர்வாகம், முன்பு சொன்ன வாடியா மீதே உயர்நீதிமன்றத்தில் வழக்குப் போட்டுத் தடை வாங்கியது. அந்த அநியாயம் நாடு முழுக்கப் பேசப்பட்ட பிறகுதான் 1926 தொழிற்சங்கச் சட்டம் வந்தது. பதிவான சங்கத்தின் நிர்வாகி மீது, சங்க நடவடிக்கைக்காகச் சதி வழக்கோ நஷ்ட ஈட்டு வழக்கோ போட முடியாது என்ற காப்பு அதில் பிறந்தது. 2025 நவம்பர் 21 முதல் அதன் இடத்துக்குத் தொழில் உறவுகள் தொகுப்புச் சட்டம் வந்திருக்கிறது. உங்களுக்கு வேண்டியதை மட்டும் சொல்கிறேன். பதிவுக்கு மொத்தத் தொழிலாளரில் 10 சதவீதம் அல்லது 100 பேர், இரண்டில் எது குறைவோ அது, எப்படியும் 7 பேருக்குக் குறையக் கூடாது. நிர்வாகிகளில் மூன்றில் ஒரு பங்கு அல்லது 5 பேர், இதில் எது குறைவோ அவ்வளவு பேர்தான் வெளியாட்களாக இருக்கலாம். பல சங்கம் உள்ள இடத்தில் 51 சதவீத ஆதரவு உள்ள சங்கமே தனியாகப் பேசும் உரிமை பெறும். வேலைநிறுத்தத்துக்கு 14 நாள் முன்னறிவிப்பு இப்போது எல்லாத் தொழிற்சாலைக்கும் கட்டாயம், பாதிப் பேர் ஒரே நாளில் சேர்ந்து லீவு போட்டாலும் வேலைநிறுத்தம்தான். முன்பு பொதுப் பயன்பாட்டுத் தொழிலுக்கு மட்டும் இருந்த கட்டுப்பாட்டை எல்லோர் மீதும் விரித்திருக்கிறார்கள். இது தொழிலாளியின் கையைக் கட்டும் மாற்றம் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் சட்டம் இதுதான் என்று தெரிந்து நடக்க வேண்டிய பொறுப்பு தலைவருடையது. சட்டவிரோத வேலைநிறுத்தம் என்று முத்திரை விழுந்தால் அடி வாங்குவது சந்தா கொடுத்தவர்கள்.

"பாதுகாக்கப்பட்ட தொழிலாளி" என்ற அந்தஸ்தும் உண்டு. மொத்தத்தில் 1 சதவீதம், குறைந்தது 5 பேர், அதிகம் போனால் 100 பேர். தகராறு நிலுவையில் இருக்கும்போது அவர்களை முன் அனுமதி இல்லாமல் நீக்க முடியாது. சங்கம் பதிவானதும் உரிய காலத்துக்குள் பெயர்ப் பட்டியலைக் கம்பெனிக்கு எழுத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு அத்தாட்சி வாங்குங்கள். இதை மறந்துவிட்டு, டிஸ்மிஸ் ஆன பிறகு வக்கீலிடம் ஓடும் சங்கங்கள் இன்னும் இருக்கின்றன.

கட்சி பற்றிய கேள்வி. கே. ரமணி 1967-லும், கே. சுப்பராயன் 2004-லும் கோவை எம்.பி. ஆனார்கள். இருவரும் தொழிற்சங்க இயக்கத் தலைவர்கள். எனவே சங்கமும் கட்சியும் இந்த மண்ணில் ஒட்டி வளர்ந்தவைதான். அதில் எனக்குக் குறை இல்லை. மத்தியச் சங்கத்தோடு இணைந்தால் வக்கீல், அனுபவம், மற்ற ஆலைகளின் ஆதரவு எல்லாம் கிடைக்கும். இணைப்பு எதுவானாலும் உறுப்பினரிடம் கட்சி கேட்காதீர்கள்.

இன்னும் இரண்டு விஷயம் உங்கள் தலைமுறைத் தலைவருக்கே உரியவை. உங்கள் கம்பெனியில் மோல்டிங்கிலும், வார்ப்பில் பிசிறு நீக்கும் பெட்லிங்கிலும் ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட் ஆட்கள் இருப்பார்கள். "அவங்க வந்துதான் கூலி குறைஞ்சுபோச்சு" என்று நம்மவர்கள் சொல்வார்கள். கூலியைக் குறைத்தது அவர்களைக் கொண்டுவந்த கான்டிராக்டர். இந்தியில் நான்கு வார்த்தை கற்றுக்கொண்டு அவர்கள் அறைக்குப் போய் உட்காருங்கள், சந்தா ரசீதை இந்தியிலும் அச்சடியுங்கள். இரண்டாவது, பெண்கள். திருப்பூரில் டேபிளுக்கு டேபிள் பெண்கள்தான், ஆனால் ஒப்பந்த மேஜையில் பார்த்தால் ஆண்கள்தான். கூட்டத்தை ராத்திரி எட்டு மணிக்கு வைத்துவிட்டுப் பெண்கள் வரவில்லை என்று சொல்லும் வழக்கத்தை நீங்களாவது நிறுத்துங்கள். கோர் ஷாப்பிலும் அசெம்ப்ளியிலும் பெண்கள் இருந்தால், மதியச் சாப்பாட்டு நேரத்தில் கூட்டம் வையுங்கள், நிர்வாகக் குழுவில் பெயருக்கு ஒருவர் என்று இல்லாமல் பொருளாளர் பொறுப்பைக் கொடுத்துப் பாருங்கள்.

தலைவருக்கு வரும் கடைசிச் சோதனை ஆலை மூடப்படுவது. 1974-ல் நாட்டுடைமையான, தேசிய ஜவுளிக் கழகத்தின் (என்.டி.சி.) மில்கள் 2020 மார்ச் பொதுமுடக்கத்தில் நின்றவை. பிறகு பழையபடி ஓடவில்லை. அந்தத் தொழிலாளிகளுக்குத் தலைவராக இருப்பது எப்படிப்பட்டது என்று பாருங்கள். உற்பத்தியே இல்லாத இடத்தில் வேலைநிறுத்தம் என்ற ஆயுதத்துக்குப் பொருள் இல்லை. ஆனாலும் அந்தச் சங்கத்துக்காரர்கள் ஆட்சியர் அலுவலகத்துக்கும் டெல்லிக்கும் மனு எழுதினார்கள், பாதிச் சம்பளத்துக்கும் போராடினார்கள், ஓய்வு பெறுபவரின் கிராஜுவிட்டி எனும் பணிக்கொடையைக் கணக்குப் போட்டு வாங்கிக் கொடுக்க அலைந்தார்கள். அவர்களில் பலருக்கு மாலை போட ஆளில்லை. நான் மதிக்கும் தலைமை அதுதான். கிராஜுவிட்டிக் கணக்கை நீங்களும் மனப்பாடமாக வைத்துக்கொள்ளுங்கள்: கடைசி மாத அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்த தொகையை 26-ஆல் வகுத்து, 15-ஆல் பெருக்கி, சர்வீஸ் வருஷத்தால் பெருக்க வேண்டும்.

ஆகவே நில்லுங்கள் தம்பி. தனியாக நிற்காதீர்கள். உங்களைவிட மூத்தவர் ஒருவரைப் பொதுச் செயலாளராகக் கூட்டிக்கொள்ளுங்கள், அன்றாட வேலையின் பாரம் அவர் தோளில்தான் விழும். வீட்டில் முழுதும் சொல்லிவிட்டு, மூன்று மாதச் செலவுக்குக் கொஞ்சம் ஒதுக்கி வைத்துக்கொண்டு இறங்குங்கள். இதுவரை வந்த மெமோ, சம்பளச் சீட்டு, அப்பாயின்ட்மென்ட் ஆர்டர் எல்லாவற்றையும் ஜெராக்ஸ் எடுத்து வேறு ஒருவர் வீட்டில் வையுங்கள். பதிவுச் சான்று கைக்கு வரும் வரை கம்பெனி ஆட்கள் இருக்கும் வாட்ஸ்அப் குரூப்பில் சங்கம் பற்றி ஒரு வரி கூட எழுத வேண்டாம். மனுவில் கையெழுத்துப் போட்டவர்கள் எல்லோரிடமும் இதை இன்றைக்கே நேரில் சொல்லிவிடுங்கள்.